காவிரி டெல்டாவும் மாறிவரும் மழையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் சொந்த நிலத்தில் பயிர் வைப்பவர்கள், குத்தகைக்குச் சாகுபடி செய்பவர்கள், ஊரைவிட்டுப் போய் நகரத்தில் இருந்துகொண்டு ஊர் நிலவரம் விசாரிப்பவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு நாலு வரி போதும். சிலவற்றுக்கு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

டெல்டாவில் மழை குறைந்துவிட்டதா, கூடிவிட்டதா?

இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் தேடுகிறவரை விஷயம் பிடிபடாது. தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 92 செ.மீ. மழை கிடைக்கிறது. அதில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. கடலோர டெல்டாவில் அதன் பங்கு இன்னும் அதிகம். இந்தச் சராசரியை வைத்துக்கொண்டு பார்த்தால் பெரிதாக ஒன்றும் மாறவில்லை என்றுகூடத் தோன்றும். ஆனால் சராசரி மழையில் யாரும் பயிர் செய்வதில்லை. அந்தந்த ஆண்டு, அந்தந்த வாரம் பெய்கிற மழையில்தான் பயிர் செய்கிறோம்.

2015 நவம்பர், டிசம்பரில் வடதமிழகம் வெள்ளத்தில் மிதந்தது. அடுத்த ஆண்டே, 2016-இல், மாநிலத்தின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. பட்டுப்போன சம்பா நெற்பயிரைப் பார்த்து வரப்பிலேயே மாரடைத்து இறந்த விவசாயிகளின் செய்திகள் அந்தப் பருவம் முழுக்க வந்துகொண்டிருந்தன. இரண்டு ஆண்டுகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் ஏறக்குறைய இயல்பான மழை பெய்ததாகக் கணக்கு வரும்.

மழை பெய்யும் நாட்கள் சுருங்குகின்றன, பெய்கிற நாளில் கொட்டித் தீர்க்கிறது, வரவேண்டிய மாதத்தில் வராமல் வரக்கூடாத மாதத்தில் வருகிறது. டெல்டாவின் சிக்கல் இந்த மூன்றும் சேர்ந்ததுதான்.

வரக்கூடாத மாதம் என்றால் எது?

தையும் மாசியும். சம்பா கதிர் முற்றி, தலை சாய்ந்து, அறுவடை எந்திரத்துக்குச் சொல்லிவைத்துவிட்டுக் காத்திருக்கும் நேரம் அது. 2021 ஜனவரியில், பொங்கலை ஒட்டிப் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்து, தண்ணீரில் கிடந்து, கதிரிலேயே முளைவிட்டது. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில், இலங்கையைக் கடந்துவந்த ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் அதையே திரும்பச் செய்தது.

ஐப்பசி அடைமழையில் இளம்பயிர் மூழ்கினால் திரும்ப நடலாம், தூர் பிடிக்கவைக்கலாம், ஏதாவது செய்யலாம். மாசியில் முழுச் செலவும் செய்து முடித்த பிறகு போவதற்கு மாற்றே இல்லை. விதை, உழவு, நடவு, உரம், களை என்று அத்தனை கடனும் அந்தக் கதிரில்தான் நிற்கிறது. தப்பிய நெல்லையும் எளிதில் விற்க முடியாது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு முறையும் மாநில அரசு தளர்வு கேட்டு எழுதி, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்து, உத்தரவு வருவதற்குள் ரோட்டோரத்தில் கொட்டிய நெல் இன்னொரு மழையைப் பார்த்துவிடுகிறது. தை, மாசி மழை இனி அபூர்வம் இல்லை என்று ஏற்றுக்கொண்டு, ஈரப்பதத் தளர்வைப் பருவத் தொடக்கத்திலேயே விதியாக வைத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு கொள்முதல் நிலையத்திலும் உலர்த்தும் எந்திரமும் கூரை போட்ட களமும் வேண்டும்.

ஒரே நாளில் 40, 50 செ.மீ. முன்பும் பெய்ததுதானே? அதற்கும் காலநிலை மாற்றத்துக்கும் என்ன தொடர்பு?

பெய்திருக்கிறது. 1976 நவம்பரில் சென்னை நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் 45 செ.மீ. பதிவானது. ஆகவே ஒவ்வொரு பெருமழையையும் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது.

ஆனால் அண்மைக் காலத்தின் வரிசையைப் பாருங்கள். 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 செ.மீ. 2022 நவம்பர் 11-ஐ ஒட்டிச் சீர்காழியில் 44 செ.மீ. 2023 டிசம்பர் 17, 18-இல் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. காயல்பட்டினத்து மழைக்குப் புயல்கூடக் காரணம் இல்லை, கடலோரத்தில் நகராமல் நின்ற ஒரு வளிமண்டலச் சுழற்சி. 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரி அருகே கரைகடந்த ஃபெஞ்சல் புயல், ஆமைபோல ஊர்ந்து விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 50 செ.மீ.க்கு மேல் கொட்டியது.

காரணம் எளிய இயற்பியல்தான். காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015 வரை சராசரியாக ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறியிருக்கிறது. உலகப் பெருங்கடல்களின் சராசரியைவிட இது அதிகம். நம் கரைக்கு எதிரே இருக்கும் வங்கக்கடல் இந்தப் பெருங்கடலின் ஒரு பகுதி. மேகத்துக்குக் கிடைக்கும் நீராவி கூடினால், மழைக்கான சூழல் அமைகிற நாளில் முன்பைவிட அதிகம் கொட்டும்.

புயல்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறதா?

இல்லை. வட இந்தியப் பெருங்கடலில் உருவாகும் புயல்களின் மொத்த எண்ணிக்கை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பார்த்தால் குறைந்தே வந்திருக்கிறது. ஆனால் மிகத் தீவிரப் புயல்களாக வலுப்பெறுபவை இந்த நூற்றாண்டில் கூடியிருக்கின்றன. கடல் சூடாக இருந்தால், தாழ்வு மண்டலம் கடுகி வலுப்பெற்றுவிடுகிறது. இரவில் எச்சரிக்கை கேட்டுப் படுத்தவர் காலையில் எழுவதற்குள் நிலைமை மாறியிருக்கும். கடலுக்குள் நாள்கணக்கில் தங்கி மீன்பிடிப்பவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அப்படித்தான் குமரிக்கடலில் இருந்தவர்களைச் சிக்கவைத்தது.

கஜா புயலில் ஏன் அவ்வளவு தென்னை விழுந்தது?

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரைகடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, வேதாரண்யம் பகுதிகள் தென்னையை நம்பியிருந்தன. காவிரித் தண்ணீர் நிச்சயமில்லை என்று ஆன பிறகு, நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறியவர்கள் அங்கே பலர். தண்ணீர்ப் பஞ்சத்திலிருந்து தப்பிக்க எடுத்த முடிவு புயலில் மாட்டிக்கொண்டது. மழையில் ஊறிய மணற்பாங்கான மண்ணில் தென்னையின் வேருக்குப் பிடிமானம் குறைவு. தலைக்கனமான மரம். காற்றை மறிக்கப் பனையோ சவுக்கோ இல்லாத தோப்புகளில் ஒரு மரம் அடுத்ததன்மேல் சாய்ந்து வரிசையாகப் போனது.

நெல் போனால் அடுத்த பருவத்தில் நெல். நெட்டைத் தென்னை போனால், கன்று வைத்துக் காய்க்க ஐந்தாறு ஆண்டுகள். நல்ல விளைச்சலுக்கு வர இன்னும் சில ஆண்டுகள். இடைப்பட்ட காலத்துக்கு வருமானம் எங்கே? விழுந்த மரத்தைத் தோப்பிலிருந்து அப்புறப்படுத்தவே கடன் வாங்கியவர்கள் உண்டு. தோப்பில் தேங்காய் பறித்தும் மட்டை உரித்தும் பிழைத்தவர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போனார்கள்.

ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறப்பது ஏன் இவ்வளவு பெரிய செய்தி?

டெல்டாவின் நாட்காட்டி அந்தத் தேதியில்தான் தொடங்குகிறது. ஜூனில் தண்ணீர் வந்தால் குறுகிய கால நெல்லான குறுவை. செப்டம்பர் கடைசிக்குள் அதை அறுத்துவிட்டால், பருவமழை பிடிப்பதற்கு முன் இரண்டாம் போகமான தாளடி நடலாம். சம்பா ஒருபோகம் வைப்பவர்கள் ஆகஸ்டில் நாற்று விட்டு, மழை வலுப்பதற்குள் பயிரை நிமிர்த்திவிடுவார்கள். தண்ணீர் ஒரு மாதம் தள்ளிப்போனால் பின்னால் வரும் ஒவ்வொரு வேலையும் தள்ளிப்போகும். இளநாற்று கார்த்திகை மழையில் மூழ்கும், அறுவடை மாசி மழையில் மாட்டும்.

2012 முதல் 2019 வரை ஓர் ஆண்டுகூட ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கப்படவில்லை. 2020-இல்தான் மீண்டும் திறந்தார்கள். 2022-இல் அணை ஏறக்குறைய நிரம்பியதால் மே 24-லேயே திறந்தது. 2023-இல் உரிய நாளில் திறந்தும், தொடர்ந்து விடத் தண்ணீர் இல்லாமல், வாய்க்கால் முடியும் கடைமடையில் குறுவை காய்ந்தது. 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்படித் தாறுமாறாக வரும் தண்ணீரை நம்பி நாற்றங்கால் விடுவது சூதாட்டத்துக்குச் சமம்.

அது கர்நாடகம் தண்ணீர் தராத பிரச்சினை அல்லவா? காலநிலையை ஏன் இழுக்க வேண்டும்?

இரண்டும் உண்மை. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) என்று தீர்ப்பளித்தது. மாதவாரியாக, மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளந்து தர வேண்டிய பங்கு அது. பற்றாக்குறை ஆண்டில் அதைத் தருவதில்தான் சண்டை. அதை நாம் விட்டுக்கொடுக்க முடியாது.

ஆனால் குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை பெய்யும் விதமும் மாறியிருக்கிறது. ஜூன், ஜூலையில் பரவலாகப் பெய்ய வேண்டியது ஆகஸ்டில் சில நாட்களில் கொட்டுகிறது. 2018 ஆகஸ்டில் குடகில் மலைச்சரிவுகள் உயிர்களை வாங்கின. அதே வெள்ளம் மேட்டூருக்கு வந்து, வினாடிக்கு இரண்டு லட்சம் கன அடிவரை வெளியேறி, கொள்ளிடத்தில் பாய்ந்தது. ஆகஸ்ட் 22-இல் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச்செல்லப்பட்டன. கொள்ளிடக் கரையில் முதலைமேடு திட்டு, நாதல்படுகை, வெள்ளமணல் போன்ற ஊர்கள் இப்படிப்பட்ட ஆண்டுகளில் எல்லாம் மூழ்குகின்றன, மக்கள் ஆட்டையும் மாட்டையும் ஓட்டிக்கொண்டு கரையேறுகிறார்கள். அதே நேரத்தில் சில மைல் தள்ளிக் கடைமடை வாய்க்காலில் முழங்கால் தண்ணீர் இல்லாத காட்சியையும் பார்க்கலாம்.

மேட்டூரின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அதற்கு மேல் ஒரே வீச்சில் வருவதைப் பிடித்துவைக்கக் கீழே பெரிய இடமில்லை. ஏரி, குளங்களை மீட்டும், கொள்ளிடத்தில் கதவணைகள் கட்டியும், மணல் அள்ளுவதை நிறுத்தியும் முடிந்ததைத் தேக்க வேண்டும்.

வெயில் கூடினால் நெல் நன்றாக விளையும் என்கிறார்களே?

வெளிச்சம் வேறு, சூடு வேறு. நெல்லுக்கு வெளிச்சம் வேண்டும். பூக்கும் நேரத்தில் 35 டிகிரிக்கு மேல் சூடு போனால் மகரந்தம் கெட்டு மணி பிடிக்காது. கதிர் வெளுத்து நிமிர்ந்து நிற்கும், கையில் உருவினால் பதர்தான் வரும். நெல் காலையில் சில மணி நேரம் மட்டும் பூக்கும். அந்த நேரத்துச் சூடு மகசூலைத் தீர்மானித்துவிடும்.

இரவுச் சூட்டைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் 1992 முதல் 2003 வரை எடுத்த தரவுகளை வைத்து, 2004-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வறண்ட பருவத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை ஒரு டிகிரி கூடும்போது மகசூல் 10 சதவீதம் குறைந்ததை அது காட்டியது. இரவு சூடாக இருந்தால் பகலில் சேர்த்த மாவுச்சத்தைப் பயிர் சுவாசத்திலேயே செலவழித்துவிடுகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் முக்கிய விளக்கம்.

பயிரைச் சொல்லிவிட்டு ஆளைச் சொல்லாமல் விட முடியாது. குறுவைக்கு நடுகிறவர்களும் களை எடுக்கிறவர்களும் பெரும்பாலும் பெண்கள். சேற்றுநீரின் புழுக்கத்தில் குனிந்தபடி வேலை. தமிழ்நாடு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நல்ல அறிவிப்பு. ஆனால் வயலில் மயங்கி விழுந்து வீட்டில் இறந்தவரின் சாவை வெயில் சாவு என்று யார் எழுதித்தருவது?

கடல்மட்டம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தானே உயர்கிறது. அதற்கு இவ்வளவு கவலை எதற்கு?

1993 முதல் 2017 வரை வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் உயர்ந்தது. நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் வரை நிலம் தட்டையாகக் கிடக்கிறது. ஆற்றுக்கும் கடலுக்கும் உள்ள உயர வேறுபாடே கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் சில மில்லிமீட்டர் ஆண்டுதோறும் குறைந்தால் நீர் வடியும் வேகம் குறையும்.

இன்னொன்றும் உண்டு. டெல்டா என்பதே ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல். அணைகள் வண்டலைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன, மிச்ச மணலை லாரிகள் அள்ளிப்போகின்றன. நிலத்தடி நீரை உறிஞ்சுவதும் சேர்ந்துகொள்கிறது. கடல் ஏற, நிலம் தாழ, புது வண்டல் வருவதில்லை. கடலோரக் கிராமங்களில் போர்வெல் தண்ணீர் உப்பாவதும், ஆற்று முகத்துவாரம் வழியே உவர்நீர் உள்ளே ஏறுவதும் இதன் விளைவுகள். கோடையில் ஆற்றில் நன்னீர் ஓட்டம் இல்லாவிட்டால் உப்பு இன்னும் உள்ளே வரும்.

அப்படியானால் டெல்டாவின் முதல் தேவை என்ன? தண்ணீரா?

தண்ணீர் வேண்டும். ஆனால் வடிகாலும் அதே அளவுக்கு வேண்டும் என்பதை உரக்கச் சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

நம் போராட்டங்கள் எல்லாம் தண்ணீர் வரவேண்டும் என்பதற்காக நடந்தவை. அதில் தப்பில்லை. வந்த தண்ணீரும் பெய்த மழையும் வெளியேறும் வழியைப் பற்றி ஊர்க்கூட்டத்தில் பேசுவது வெள்ளம் வந்த வாரத்தில் மட்டும். டெல்டாவின் கீழ்ப்பகுதியில் ஒரே ஆறு மேலே பாசனத்துக்கும் கீழே வடிகாலுக்கும் பயன்படுகிறது. மேலூர்க்காரர் வடிக்கும் தண்ணீர் கீழூர்க்காரர் வயலுக்குள் வருகிறது. வெண்ணாற்றுப் பகுதியில் அடப்பாறு, அரிச்சந்திரா, வெள்ளையாறு, பாண்டவையாறு எல்லாம் அப்படிப்பட்டவை. அவை கடலைத் தொடும் இடத்தில் மணல்திட்டு அடைத்திருக்கும். அமாவாசை, பௌர்ணமிக் கடலேற்றத்தில் தண்ணீர் வெளியே போகாமல் எதிர்த்து நிற்கும். அடைமழையும் அதே நாளில் வந்தால் பயிர் ஒரு வாரத்துக்கு மேல் மூழ்கிக் கிடக்கும். சாதாரண நெல் ரகங்கள் அவ்வளவு நாள் தாங்காது.

கடலைக் குற்றம் சொல்லிவிட்டு நாம் செய்ததை மறைக்கக்கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் தூர்வாரும் பணி நடக்கிறது. ஆறும் பெரிய வாய்க்காலும் சுத்தமாகின்றன. வயலைத் தொடும் சி, டி பிரிவு வாய்க்கால்களும் வடிகால்களும் பல ஊர்களில் அப்படியே கிடக்கின்றன. வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டி, தண்ணீர் இருக்கிறதா என்றே தெரியாது. வடிகால் கரையை வெட்டிப் போட்ட இறால் பண்ணைகள், தண்ணீர் போகிற அளவுக்கு மதகு வைக்காமல் குறுக்கே எழுப்பிய புறவழிச் சாலைகள், புறம்போக்கு என்று வளைத்துக்கொண்ட வாய்க்கால்கள் என்று பட்டியல் நீளும். சீர்காழியில் 44 செ.மீ. பெய்ததை யாராலும் தடுத்திருக்க முடியாது. தண்ணீர் நாள்கணக்கில் நின்றதற்கு மழை மட்டும் காரணம் இல்லை.

ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியுடன் வெண்ணாறு உபவடிநிலத்தில் காலநிலைத் தகவமைப்புத் திட்டம் ஒன்று நடந்தது. கரையை உயர்த்தி, ரெகுலேட்டர்களைப் புதுப்பித்து, வளவனாறு வடிகாலையும் வேதாரண்யம் கால்வாயையும் சீர்செய்வது அதன் வேலை. வடிகாலை மையத்தில் வைத்த அந்த அணுகுமுறை சரியானது. மற்ற உபவடிநிலங்களுக்கும் அது போக வேண்டும், பராமரிப்புக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும். குடிமராமத்து என்று நம் முன்னோர் செய்ததும் ஆண்டுதோறும் செய்த வேலைதான்.

அலையாத்திக் காடுகளுக்கு என்ன ஆகிறது?

முத்துப்பேட்டை அலையாத்திக் காடு காவிரியின் கடைசி நன்னீரைக் குடித்து வாழ்வது. ஆற்றுநீர் குறைந்தால் சேற்றில் உப்பு ஏறும். உப்பைத் தாங்கும் வெண்கண்டல் மட்டும் பெருகி, மற்ற இனங்கள் ஒதுங்கும். கஜா இந்தக் காட்டின் பெரும்பரப்பை முறித்துப் போட்டது. ஆனாலும் கரையை ஒட்டிய ஊர்களுக்கு முன்னால் காற்றை வாங்கிக்கொண்டது அதுதான். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, கடலேற்ற நீரை உள்ளே பாயவிட்டுக் காட்டை மீட்டன. செடியை நட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொள்வதைவிட, தண்ணீர் போய்வர வழி செய்ததுதான் அங்கே பலித்தது.

மீன்வளம்?

தெற்கே மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் 2010, 2016, 2024 ஆண்டுகளின் கோடைகளில் கடல் சூடேறி வெளுத்தன. அங்கே மீன்குஞ்சுகளுக்கு அடைக்கலம் அந்தப் பாறைகள்தான். முன்பு மலபார் கரையில் மட்டும் பெருங்கூட்டமாகக் கிடைத்த மத்தி, கடந்த சில பத்தாண்டுகளாகக் கிழக்குக் கரையிலும் பிடிபடுகிறது. கடல் சூடேறுவதை இதற்கு ஒரு காரணமாக விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். புது மீன் வருவது ஆதாயம் என்று எடுத்துக்கொண்டாலும், புயல் எச்சரிக்கையால் கடலுக்குப் போகாத நாட்களின் இழப்பை அது ஈடுகட்டாது.

பாரம்பரிய நெல்லுக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடுமா?

எல்லாம் சரியாகாது. சில இடத்தில் அவைதான் சரி. காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா போன்ற நெட்டை ரகங்கள் தேங்கும் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டி நிற்கும். களர்பாலை, குழியடிச்சான் உவர் நிலத்தைத் தாங்கும். பூங்காரும் கருங்குறுவையும் குறுகிய காலத்தில் வரும். 2018 டிசம்பரில் மறைந்த நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாக்களால்தான் இந்த விதைகளில் பல இன்று நம் கையில் இருக்கின்றன. அந்த மனிதருக்கு டெல்டா பட்டிருக்கும் கடன் பெரிது.

அதே நேரம், நெட்டை ரகம் பலத்த காற்றில் சாயும். மகசூல் குறைவு. அரசுக் கொள்முதல் நிலையத்தில் போட்டால் அதற்கென்று தனி விலை கிடையாது. நல்ல விலைக்கு வாங்க ஆள் இருந்தால்தான் குத்தகை விவசாயிக்குக் கட்டும். ஆராய்ச்சி நிலைய ரகங்களையும் ஒதுக்க வேண்டியதில்லை. சிஆர் 1009 சப்-1 பயிர் வளரும் பருவத்தில் இரண்டு வாரம்வரை மூழ்கினாலும் மீளும். அந்தத் தாங்கும் குணம்கூட ஒடிசாவின் ஒரு பழைய நாட்டு ரகத்திலிருந்து எடுத்ததுதான். தாழ்ந்த வயலுக்கு ஒன்று, மேட்டு வயலுக்கு ஒன்று என்று ஒரே குடும்பம் இரண்டு மூன்று ரகம் வைப்பது நல்லது.

நெல் வயலே மீத்தேன் விட்டுப் பூமியைச் சூடாக்குகிறது என்கிறார்களே?

உண்மை. தண்ணீர் கட்டிய சேற்றில் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் விட்டால் மீத்தேன் பாதிவரை குறையும், தண்ணீரும் கணிசமாக மிச்சமாகும். இதை டெல்டா விவசாயிக்குச் சொல்லிக்கொடுக்க வருகிறவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். முறை வைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசனத்தில் அடுத்த முறை தண்ணீர் வருமா என்று தெரியாத கடைமடைக்காரர், இருக்கும் தண்ணீரைக் காயவிட எப்படித் துணிவார்? தண்ணீர் உறுதியானால் காய்ச்சலும் பாய்ச்சலும் தானாக வரும்.

நிலம் இல்லாதவர்களுக்கு நிவாரணம் உண்டா?

பயிர் நிவாரணம் ஏக்கர் கணக்கில் வருகிறது. பயிர் போனால் அறுவடை வேலையும் வைக்கோல் கட்டும் வேலையும் போகின்றன. அந்தக் கூலிக்குக் கணக்கெடுப்பு இல்லை. குடிசைக்குள் தண்ணீர் வந்தால் ஒரு தொகை கிடைக்கும், அவ்வளவுதான். டெல்டாவில் நிலமற்றவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள், அவர்களின் குடியிருப்புகள் பெரும்பாலும் தாழ்ந்த பகுதிகளில்தான் இருக்கின்றன. வெள்ளம் முதலில் புகுவதும் கடைசியில் வடிவதும் அங்கேதான். இழந்த வேலைநாட்களுக்கு ஈடு என்பது நிவாரண விதிகளில் ஏற வேண்டும்.

சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு செய்வது பயனுள்ளதா?

செய்துவிடுங்கள். குறை இருக்கிறது என்பதற்காக விட்டுவிட வேண்டாம். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். கடைசி நாள் வழக்கமாக நவம்பர் நடுவில் வரும். அடங்கல், சிட்டா, ஆதார், வங்கிப் பாஸ்புக் தேவை. குத்தகைதாரரும் கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடி அடங்கல் வாங்கிச் சேரலாம். கடைசி வாரக் கூட்டத்தில் சர்வர் படுத்துவிடும் என்பதால் முன்கூட்டியே முடிப்பது நல்லது.

குறை எதுவென்றால், இழப்பீடு வருவாய்க் கிராமத்தின் சராசரி மகசூலை வைத்துக் கணக்கிடப்படுகிறது. சில இடங்களில் மட்டும் அறுத்துப் பார்த்து அந்தச் சராசரியை எடுக்கிறார்கள். பள்ளத்து வயல் முழுக்க அழுகியிருந்தாலும், மேட்டு வயல் நன்றாக விளைந்தால் சராசரி தூக்கிவிடும். ஆனால் அறுத்துப் போட்ட கதிர் 14 நாட்களுக்குள் மழையில் நனைந்தால் தனி வயலுக்கே இழப்பீடு கேட்கலாம். 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். மாசி மழைக்கு இந்தப் பிரிவைப் பலரும் பயன்படுத்துவதில்லை.

வெள்ளம் வடிந்த மறுநாள் வயலில் என்ன செய்வது?

முதலில் தேதி தெரிகிற மாதிரி வயலைப் படம் எடுத்துவிட்டு, வேளாண்மை உதவி அலுவலருக்குச் சொல்லுங்கள். தேங்கிய தண்ணீரை முழுக்க வடித்து, வேருக்குக் காற்று படும்படி ஒரு நாள் விடுங்கள். பயிர் வெளுத்திருக்கிறதே என்று அன்றைக்கே யூரியாவை அள்ளி வீச வேண்டாம். வேர் உறிஞ்சும் நிலையில் இருக்காது, போட்டது வடிகாலுக்குத்தான் போகும். இலை மட்டும் நிமிர்ந்திருந்தால், ஏக்கருக்கு 2 கிலோ யூரியாவும் 1 கிலோ சிங்க் சல்பேட்டும் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கலாம். வேளாண் துறை வழக்கமாகச் சொல்லும் அளவு இது. புதுத் துளிர் வந்த பிறகு, யூரியாவை ஜிப்சத்தோடும் வேப்பம் புண்ணாக்கோடும் கலந்து ஒரு இரவு வைத்திருந்து மேலுரமாகப் போடுங்கள். பயிர் அழுகிய இடங்களில், அதே ரகத்தின் தூர் நிறைந்த குத்திலிருந்து பிரித்து நட்டு வெற்றிடத்தை நிரப்பலாம். இலையின் ஓரம் மஞ்சளாகிக் காய்ந்துகொண்டு வந்தால் பாக்டீரியா இலைக்கருகலாக இருக்கக்கூடும். அப்போது தழைச்சத்தை நிறுத்திவிட்டு, இலையை எடுத்துக்கொண்டு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போய்க் காட்டுங்கள்.